பெரிய வியாழன் தண்ணீர்

எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்ட். ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டிய தெரு என்பதால் காற்றோடு கரித்தூள் வந்துகொண்டே இருக்கும். காலையில் துடைத்தால் மதியத்துக்குள் மெல்லிசாக ஒரு படலம் படிந்துவிடும். விரலால் அதில் எழுத்துப் பழகலாம். நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தேன். சுத்தம் என்று வந்துவிட்டால் என்னோடு பேச முடியாது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அறுபதுகளின் கடைசியில் நான் கண்டு நடுங்கிய அந்தச் சங்கதி இந்தத் தரையில்தான் தொடங்கியது.

கோயில் துணிகளை ஓரம் தைத்து, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுப்பது என் வேலை. பீடத்து விரிப்பு, குருவானவர் கை துடைக்கும் துண்டு, பூசைப் பாத்திரம் துடைக்கும் சின்னத் துணி எல்லாம் என் கைக்கு வரும். அந்தச் சின்னத் துணியில் நற்கருணை அப்பத்தின் துணுக்கு ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்பதால் அதை அலசும் முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. கோயில் வளாகத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி இருந்தது, அதன் வேரில்தான் ஊற்ற வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பாதம் கழுவிய தண்ணீரையும் எங்கள் பங்குக் கோயிலில் அந்தச் செடிக்குத்தான் ஊற்றுவோம், அதுவும் என் கையால். அந்த உரிமையில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. கோயில் துணி ஊறும் வாளியை வீட்டு வாளியின் பக்கத்தில் வைக்கக்கூட விடமாட்டேன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் கரிக்கப்பலில் கூடை சுமப்பவர். காத்திவாக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தும் கடலுக்குப் பயந்து கரிக்கு வந்தவர். அவர் பாதம் முழுக்கப் பாளம் பாளமாக வெடிப்பு, வெடிப்புக்குள் கரி ஏறி உட்கார்ந்திருந்தது. எந்த சோப்புக்கும் போகாது. "கரிக்காலோட உள்ள வராதய்யா" என்பதுதான் பதினோரு வருஷமும் நான் அவரை வரவேற்ற விதம். வாசல் பக்கம் ஒரு கோணிச்சாக்கு போட்டிருந்தேன். அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். கோயிலிலும் படிக்கு வெளியே நின்றுதான் பூசை கண்டார். முரட்டு ஆள், யாருக்கும் தலை குனியாதவர் என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். அது காலைப் பற்றிய வெட்கம் என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த வெட்கத்தைக் கொடுத்தவளே நான்தான்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பன்னிரண்டு ஆண்களை அப்போஸ்தலர்களாக உட்காரவைத்து, குருவானவர் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு அவர்கள் காலைக் கழுவித் துடைப்பார். எங்கள் பங்கில் அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் முதல் நாளே வீட்டில் செங்கல் துண்டும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். அழுக்குக் காலைக் குருவானவரிடம் நீட்டலாமா? எனவே ஒவ்வொரு வருஷமும் கழுவிய காலையே அவர் கழுவினார். செடிக்கு நான் ஊற்றிய தண்ணீரைக் குடிக்கலாம், அவ்வளவு தெளிவாக இருக்கும். இதில் ஏதோ பிசகு இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஒன்றில் என் புருஷன் கோணியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இன்னாமே, இந்த தபா பன்னெண்டு பேர்ல நானும் குந்தட்டா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயய்ய, உன் காலயா? சாமியாரு தண்ணி கருத்துப்பூடும்யா!"

மறுநாள் காலை குழாயடியில் அவர் செங்கல்லால் ரத்தம் வரப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கல்லைப் போட்டுவிட்டு எழுந்து போனார். அந்தப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த தை மாதம், கப்பலிலிருந்து கரி இறக்கும்போது கிரேனில் தொங்கிய தொட்டி ஒன்று ஆடி வந்து அவர் தலையில் இடித்தது. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். பத்தாம் நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அக்கா, தண்ணி" என்றார்.

முரட்டு மனிதர் போய் அவர் உடம்புக்குள் ஐந்து வயசுப் பிள்ளை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. வலது முட்டி மடங்காமல் போயிற்று. கொடுத்ததைச் சாப்பிட்டார், சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், தெருவில் யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். ஜெபம் என்றால் அவருக்கு "பிதாவே" என்று ஒரே சொல்தான். அதைச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ பதில் சொல்லி முடித்துவிட்டதுபோல, "ஆங், சரி" என்பார்.

நான் பொறுமைசாலி இல்லை. "வாடா, குந்துடா, துன்னுடா" என்று தாலி கட்டியவரை டா போட்டுக் கத்தியிருக்கிறேன். "சரிக்கா" என்பார். ஒரு தடவையாவது திருப்பிக் கோபித்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும். நான் புருஷனை இழந்தவள், ஆனால் வெள்ளைச் சேலை கட்ட முடியாதவள். அந்த ஆத்திரம் முழுவதையும் தரையைத் துடைப்பதில் காட்டினேன்.

அதற்கடுத்த வருஷம் தவக்காலம் தொடங்கிய வாரம். மதியம் கோயிலுக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவேன். வீட்டுக்கு ஒரே கதவு, ஒரே ஜன்னல், அதற்கும் கம்பி. துறைமுகத்து மூன்று மணிச் சங்கு ஊதியதும் திரும்பி வருவேன். அன்று கதவைத் திறந்தால், அவர் கோணியில் உட்கார்ந்து இரண்டு காலையும் முன்னால் நீட்டியிருந்தார். கரிப்படலம் படிந்த தரையில், அவர் காலுக்கு எதிரே, துடைத்தெடுத்த மாதிரி இரண்டு வட்டங்கள். அவற்றுக்கு ஒரு முழம் பின்னால், ஐந்தும் ஐந்துமாகப் பத்துச் சின்னப் புள்ளிகள்.

யாரோ மண்டியிட்டு, கால்விரல்களை ஊன்றி இருந்த தடம் அது. தினமும் கோயிலில் மண்டியிடுகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? கதவிலிருந்து அந்த இடத்துக்கு வந்த தடமும் இல்லை, திரும்பிப் போன தடமும் இல்லை. அவரால் முட்டியை மடக்கவே முடியாது.

"யாரு வந்தது?"

"ஒர்த்தர் வந்தாருக்கா. கீய முட்டி போட்டுகினு காலக் குடுன்னாரு. குட்தேன்."

"யாருன்னு கேக்கலியா?"

"எதுக்கு?"

"இன்னா பண்ணாரு?"

"தொடச்சாரு. கரி போவல. நாளிக்கி வர்றேன்னுட்டாரு."

நான் வட்டங்களை ஈரத்துணியால் அழித்தேன். ஒரே இடத்தை நாலு முறை துடைத்தேன். மறுநாள் மூன்று மணிக்கு அவை மறுபடி இருந்தன.

மூன்றாம் நாள் கோயிலுக்குப் போகவில்லை. தரையைத் துடைத்துவிட்டு, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். வெயில் தெருவைத் தகித்துக்கொண்டிருந்தது. என் கண் பூட்டைவிட்டு நகரவில்லை. ஜன்னல் வழியாக அவர் குரல் மட்டும் ஒரு தடவை கேட்டது. கூச்சம் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நாற்பது வயசு ஆணின் தொண்டையிலிருந்து அது வந்தபோது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சங்கு ஊதியதும் பூட்டைத் திறந்தேன். இரண்டு வட்டங்கள், பத்துப் புள்ளிகள். தையல்காரி புத்தி விடுமா? ஒரு நூலை எடுத்து வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையே அளந்து, அறுத்து, ஊசி டப்பாவில் போட்டு வைத்தேன்.

"உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கீய குந்திகினு கீறவரப் பாத்து யார்னா பயப்படுவாங்களாக்கா?"

பக்தியுள்ள பெண் என்று பெயரெடுத்தவள் நான். அந்த நேரம் என்னிடம் பக்தி ஒரு துளிகூட இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. தீர்த்தம் கொண்டுவந்து மூலை முடுக்கெல்லாம் தெளித்தேன். தெளித்த தரையில் ஈரம் காய்ந்து கரி படிந்ததும் வட்டங்கள் இன்னும் துலக்கமாக விழுந்தன. கடைசியில் அண்ணனிடம் சொன்னேன். அவர் யானைக்கவுனியில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை, எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புகிற ஆள்.

"இன்னும் கொஞ்ச நாள் போனா உன்னியும் சேத்துக் கூட்டினு போவணும் போலகீது" என்றார் முதலில். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "தோ பாரும்மா, இது வூட்ல வெச்சிப் பாக்கற கேசு இல்ல. பைத்தியக்கார ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்சவன் கீறான். நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். பாக்கிய நான் பாத்துக்கறேன்."

படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே போனவர்கள் யாரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. அதனால் உடனே போடவில்லை, மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்தேன்.

குருத்து ஞாயிறு அந்தத் தயக்கத்தையும் தீர்த்து வைத்தது. அவசரத்தில் பூட்ட மறந்துவிட்டேன். பூசை தமிழுக்கு மாறிய புதிது. குருவானவர் மக்களைப் பார்த்து நின்று ஜெபித்துக்கொண்டிருக்கிறார், கையில் குருத்தோலையோடு கோயில் நிறைய கூட்டம். நடுவில் நான் விரித்த வெள்ளை விரிப்பின்மேல், படிக்கு உள்ளே கால் வைத்தறியாத என் புருஷன் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். ஒவ்வோர் அடிக்கும் கறுப்பாக ஒரு தடம். நேராகப் பீடத்துப் படியில் போய் உட்கார்ந்து, குருவானவரைப் பார்த்து இரண்டு காலையும் நீட்டினார். ஒரு சிறுமி சிரித்தாள். அப்புறம் கோயிலே சிரித்தது.

நான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் "இன்னாக்கா, இவுரு தெரியாத மாதிரி நிக்கிறாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மறுபடி மாதாவுக்கு அடியில் வைத்தேன். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலை டாக்சியோடு வருவதாக அண்ணன் சொன்னார்.

பெரிய வியாழன் மாலை, ஓரம் தைத்துக் கஞ்சி போட்ட பன்னிரண்டு துவாலைகளைக் கூடையில் அடுக்கினேன். அவரை உட்காரவைத்து, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். மதியத்திலிருந்தே அவர் காலை நீட்டியபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மூன்று மணிக்குத் தரையில் எந்த வட்டமும் இல்லை. அது எனக்கு நிம்மதியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. அதைவிட மோசமாக இருந்தது.

கோயிலில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வே குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், வலைக்காரர் இரண்டு பேர் என்று எல்லோரும் தெரிந்த முகங்கள். எண்ணெய் மினுமினுக்கும் இருபத்துநாலு கால்கள். ஒருவர் பவுடரே போட்டிருந்தார். குருவானவர் முட்டிவலிக்காரர். பன்னிரண்டு தடவை மண்டியிட்டு, பன்னிரண்டு தடவை எழுந்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஓரத்தில் நின்று துவாலையை நீட்டினேன். வாங்கிய துவாலை எல்லாம் வெள்ளையாகவே திரும்பி வந்தது.

பூசை முடிந்து, எனாமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நந்தியாவட்டைக்குப் போனேன். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சாய்த்து ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டிக்குள் அடி தெரியவில்லை. தண்ணீர் கரியாகக் கறுத்திருந்தது.

நம்ப முடியாமல் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் கரித்தூள் நறநறவென்று விரலில் நெருடியது. வெளியே எடுத்தால் மணிக்கட்டு வரை கறுப்பு.

மெழுகுத்திரிகளை அணைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளையிடம் ஓடினேன். "யாரு கால்லயாவது கரி கீதா, பாத்தீங்களா?"

"நீ ஒண்ணு! பவுடர் போட்டுகினு வந்தானுங்கம்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

சாமியாரு தண்ணி கருத்துப்பூடும்யா. நான் சொன்ன வார்த்தை, என் சிரிப்போடு சேர்ந்து என் காதில் விழுந்தது. அவர் கால் வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. சுத்தம் சுத்தம் என்று நான் கொண்டாடிய கால்கள்தான் இந்தத் தொட்டிக்குள் இறங்கி ஏறியவை. அவற்றோடு என் கை ஒன்றும். தொட்டியைச் செடியருகே வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக்கூடாது. மறுநாள் கோயில்பிள்ளை, "அவ்ளோ சுத்தமான தண்ணியச் செடிக்கு ஊத்தாம போட்டுட்டுப் போய்ட்டியே" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் என் முந்தானையின் ஓரத்தில் இருந்த கறுப்பு இரண்டு துவைப்புக்குப் பிறகுதான் போனது. துவைத்தவள் நான்.

பூட்டு போட்டபடியே இருந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே மங்கல். அவர் அதே கோணியில், அதே மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில் கரிப்படலம் கலையாமல் கிடந்தது.

"வந்துட்டியாமே" என்றார்.

அக்கா இல்லை. பதினாலு மாசத்துக்குப் பிறகு, கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கூப்பிட்ட அந்தக் குரல். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவுரு இன்னிக்கி வரலமே. கோயில்ல வேலகீதாம். உன்ன அனுப்பறேன்னாரு."

வீட்டு வாளியா கோயில் வாளியா என்று பார்க்காமல், கைக்குக் கிடைத்ததில் தண்ணீர் மொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். மண்டியிட்டேன். பதினோரு வருஷம் வாழ்ந்து, அதற்கு மேலும் ஒரு வருஷம் சோறூட்டி, அவர் பாதத்தை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அது கனமாக, சில்லென்று, கல் மாதிரி இருந்தது. வெடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். தண்ணீர் கறுத்தது. மாற்றினேன், மறுபடி கறுத்தது. என் கண்ணீரும் மூக்குநீருமாக எல்லாம் அதில் விழுந்தது. அழும்போது அழகு பார்க்க முடியுமா?

"போவலியே," என்றேன். "எவ்ளோ தேச்சாலும் போவலியே."

"போவாதுக்கா. பரவால்ல, நாளிக்கி வா."

மறுபடி அக்கா ஆகிவிட்டேன். அதன் பிறகு கடைசி வரை அக்காதான்.

எழுந்தபோது தரையைப் பார்த்தேன். இரண்டு வட்டங்கள், ஒரு முழம் பின்னால் பத்துப் புள்ளிகள். ஊசி டப்பாவில் நூல் இருந்தது. எடுத்து அளக்கத் தைரியம் வரவில்லை. இன்றுவரை அளக்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் டாக்சியோடு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். அவரும் பாவம், நல்லது செய்வதாக நினைத்துத்தான் வந்தார். வாசலில் நின்றவர் கண் தரையில் விழுந்தது. காலையில் நான் துடைக்கவில்லை.

"இது இன்னாது? யாரு வந்துட்டுப் போனது?"

நான் பதில் சொல்வதற்குள் கோணியிலிருந்து அவர் சொன்னார், ரொம்பச் சந்தோஷமாக: "அக்காதான் குந்துச்சு. கரி போவலண்ணே. நாளிக்கும் வரும்."

வெளியே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். அந்த வண்டி யாருக்காக நிற்கிறதென்று அவருக்குத் தெரியாது. காலை நீட்டியபடி, சிரித்த முகமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாதா சுரூபத்துக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

"வண்டிய அனுப்பிடுண்ணே" என்றேன். "நாளிக்கி எனக்கு வேலகீது."